மணிக்கட்டில் மூச்சு: கருவி காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

மார்கழி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை உதகமண்டலம் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். பேருந்துக்குக் காத்திருப்போர் ஒவ்வொருவரின் மூக்கிலிருந்தும் வெண்புகை சீராக வெளிவந்து கரைவதைக் காணலாம். கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் எண்ணினால், எதிரே நிற்பவரின் மூச்சு வீதம் கிடைத்துவிடும். சமவெளியில் வாழ்வோருக்கு இவ்வசதி இல்லை. அவர்கள் மார்போ வயிறோ ஏறி இறங்குவதைக் கூர்ந்து பார்த்துத்தான் எண்ண வேண்டும்.

செலவே இல்லாத இந்த அளவீட்டை இப்போது மணிக்கட்டில் கட்டும் கடிகாரமும், விரல் நுனியைக் கவ்வும் சிறு கருவியும் செய்து தருகின்றன. இவை மார்பைப் பார்ப்பதில்லை. மூக்கருகே செல்வதும் இல்லை. தோலின் மேல் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து மூச்சைக் கணக்கிட்டுவிடுகின்றன. 'நாடி 74, மூச்சு 17' என்று இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் ஒளிர்கின்றன.

ஒரே அளவு எழுத்தில் ஒளிர்வதுதான் எனக்கு உறுத்துகிறது. முதல் எண் ஓரளவு நேராக அளக்கப்பட்டது. இரண்டாவது எண் ஊகிக்கப்பட்டது. ஊகம் என்பதால் அது பொய் என்று சொல்ல வரவில்லை. அறிவியலில் நல்ல ஊகங்கள் பல உண்டு. ஆனால் இந்த ஊகம் எங்கே நிற்கும், எங்கே சரியும் என்பதை வாங்குபவருக்கு யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்ல முயல்வதே இக்கட்டுரை.

தொல்லையிலிருந்து பிறந்த அளவீடு

இரத்தம் ஒளியை உறிஞ்சும். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் விரலின் நுண்குழாய்களுக்குள் சிறிது இரத்தம் கூடுதலாக வருகிறது. அந்தக் கணத்தில் திரும்பிவரும் ஒளி சிறிது குறைகிறது. அமெரிக்காவில் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் என்ற உடலியல் அறிஞர் 1930-களின் இறுதியில் ஒளிமின்கலத்தைக் கொண்டு இதை முறையாகப் பதிவு செய்தார். இப்பதிவுக்குப் போட்டோபிளெத்திஸ்மோகிராம் என்று பெயர். நாம் 'ஒளி நாடிப்பதிவு' என்று வைத்துக்கொள்வோம்.

ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி 1970-களின் தொடக்கத்தில் காதில் ஒளியைச் செலுத்தி இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவை அறிய முயன்றுகொண்டிருந்தார். நாடித் துடிப்பு அவர் பதிவில் புகுந்து தொல்லை தந்தது. அதை நீக்க முயன்றவர், அந்தத் தொல்லைக்குள்ளேயே இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவைக் கூறும் செய்தி இருப்பதைக் கண்டார். 1974-இல் வெளிவந்த அக்கருத்தே கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு நுழைந்த பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு அடிப்படை.

இப்போது அக்கதை மறுபடியும் நடக்கிறது. நாடிப்பதிவை அளப்போருக்கு மூச்சு ஒரு தொல்லை. நாடி அலை நேர்கோட்டில் நிற்காமல் மூச்சோடு சேர்ந்து மெல்ல ஏறி இறங்கும். அந்தத் தொல்லையைத்தான் இன்றைய கருவிகள் மூச்சு வீதமாக மாற்றித் தருகின்றன.

மூச்சு மூன்று வழிகளில் தன் முத்திரையைப் பதிக்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்புக் கூட்டினுள் அழுத்தம் குறைந்து, சிரைகளிலிருந்து இரத்தம் இதயத்தை நோக்கி இழுக்கப்படுகிறது. அதனால் திசுக்களில் தேங்கியுள்ள இரத்தத்தின் அளவு மாறி, பதிவின் அடிக்கோடு அசைகிறது. அதே வேளையில் இடது இதயம் ஒரு துடிப்புக்கு வெளித்தள்ளும் இரத்தம் சற்றுக் குறைகிறது; அதனால் நாடி அலையின் உயரம் குறைகிறது. மூன்றாவது, மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரைந்தும், விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கிறது. இதை ஜெர்மானிய அறிஞர் கார்ல் லுட்விக் 1847-இலேயே பதிவு செய்துவிட்டார். உங்கள் மணிக்கட்டில் விரலை வைத்து, மிக மெதுவாக ஆழ்ந்து மூச்சை இழுத்து விட்டுப் பாருங்கள். இளம் வயதினராயின் இவ்வேறுபாட்டை நீங்களே உணர்வீர்கள்.

வானொலியைப் படித்த மாணவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வீச்சைப் பண்பேற்றுதல், அதிர்வெண்ணைப் பண்பேற்றுதல் என்று பாடத்தில் வருகின்றனவே, அவைதாம் இவை. நாடி அலையே ஊர்தி அலை; மூச்சு அதில் ஏற்றப்பட்ட செய்தி.

உதகையில் இருப்பவர்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு உண்டு. முத்தொரைக்கு அருகே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக்கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் அமைந்தது அது. தொலைவில் உள்ள ரேடியோ மூலங்கள் 'மினுக்குவதை' அது பதிவு செய்கிறது. அம்மினுக்கலிலிருந்து சூரியனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள் காற்றின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். நேரில் தொட முடியாத ஒன்றை, அது வேறொன்றில் உண்டாக்கும் நடுக்கத்திலிருந்து அறிவது என்ற கருத்து இரண்டுக்கும் ஒன்றே. வேறுபாடு என்னவெனில், அங்கே முடிவைச் சொல்வோர் பிழை வரம்பையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

எவ்வளவு சிறிய செய்தி இது என்பதையும் நினைவில் வையுங்கள். திரும்பி வரும் மொத்த ஒளியில் நாடியால் மாறும் பகுதி பொதுவாக நூற்றில் ஓரிரு பங்கே. அந்தச் சிறு பகுதியிலும் ஒரு சிறு பகுதியே மூச்சால் மாறுகிறது.

யார் மேல் சோதித்தார்கள்?

இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று, கனடா நாட்டு வான்கூவரில் வால்ட்டர் கார்லன் குழுவினர் 2013-இல் வெளியிட்டது. மேற்சொன்ன மூன்று வழிகளிலும் தனித்தனியே மூச்சு வீதத்தைக் கணித்து, மூன்றையும் ஒன்றிணைத்தார்கள். அவர்கள் செய்த மிக நல்ல காரியம், மூன்று கணிப்புகளும் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்டால் விடையே சொல்லாமல் விட்டுவிடுவது. 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லத் தெரிந்த கருவி அது. பிழை, சராசரி வர்க்கமூலக் கணக்கில், நிமிடத்துக்கு 3 மூச்சு.

நல்ல விடைதான். ஆனால் யாரிடமிருந்து கிடைத்த விடை? 29 குழந்தைகள், 13 பெரியவர்கள். அனைவரும் அறுவைச் சிகிச்சைக்காக மயக்க மருந்து பெற்றுப் படுத்திருந்தவர்கள். கை அசையாது. பேச்சில்லை, இருமல் இல்லை. அவர்களுள் சிலருக்கு இயந்திரமே மூச்சைக் கொடுத்துக்கொண்டிருந்தது. இயந்திரம் தரும் மூச்சு கடிகார ஊசலைப் போல் ஒழுங்கானது. நாம் விடும் மூச்சு அப்படியன்று. இன்னொரு நுட்பமும் உண்டு. இயந்திரம் காற்றை உள்ளே தள்ளுகிறது. நாமோ காற்றை உள்ளே இழுக்கிறோம். மார்பினுள் அழுத்தம் மாறும் திசையே தலைகீழ். இந்தப் பதிவுகளில் நன்றாக வேலை செய்யும் முறை நடமாடும் மனிதரிடமும் அப்படியே வேலை செய்யும் என்று எதிர்பார்க்க இயற்பியலில் காரணம் ஏதும் இல்லை.

பலரும் பயன்படுத்தும் மற்றொரு தொகுப்பு அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எடுக்கப்பட்டது. 53 பதிவுகள், ஒவ்வொன்றும் 8 நிமிடம். அவர்களும் படுக்கையில் இருந்தோரே. இவ்விரு தொகுப்புகளின் மேல் எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். ஒவ்வொரு கட்டுரையும் முந்தையதைவிடப் பிழையைச் சிறிது குறைத்ததாகக் கூறும். ஒரே வினாத்தாளை ஆண்டுதோறும் கொடுத்தால் மாணவர்களின் மதிப்பெண் கூடிக்கொண்டே போகும் என்பது ஆசிரியரான எனக்குத் தெரியும். அவர்கள் இயற்பியல் கற்றுவிட்டார்கள் என்று அதற்குப் பொருளில்லை.

2016-இல் பீட்டர் சார்ல்டன் குழுவினர் இங்கிலாந்தில் செய்த ஒப்பீட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். தம் முறையை விற்க அவர்கள் முயலவில்லை. 314 கணக்கீட்டு முறைகளை வரிசையாக நிறுத்தி, ஒரே அளவுகோலால் அளந்தார்கள். நலமாக உள்ள இளைஞர்கள், ஓய்வாகப் படுத்திருக்கையில் எடுத்த பதிவுகள் அவை. அதாவது கருவிக்கு மிகச் சாதகமான நிலை. அந்நிலையில் ஒளி நாடிப்பதிவைப் பயன்படுத்திய முறைகளுள் மிகச் சிறந்ததன் பிழை வரம்பு, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை, 5.1 குறைவிலிருந்து 7.2 அதிகம் வரை. இதய மின்பதிவிலிருந்து கணித்த சிறந்த முறைக்கு இருபுறமும் 4.7.

இதன் பொருளைப் பார்ப்போம். ஒருவர் உண்மையில் நிமிடத்துக்கு 20 மூச்சு விடுகிறார். மிகச் சிறந்த ஒளி முறை அவருக்கு ஏறத்தாழ 15-இலிருந்து 27 வரை எதையும் காட்டலாம். இங்கிலாந்து மருத்துவமனைகளில் நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டி அறிய ஒரு மதிப்பெண் முறை உண்டு. அதில் மூச்சு வீதம் 12 முதல் 20 வரை இருந்தால் மதிப்பெண் 0; 21 முதல் 24 வரை 2; 25-உம் அதற்கு மேலும் இருந்தால் 3, அதாவது உடனே கவனிக்க வேண்டிய நிலை. நமது கருவியின் பிழை வரம்புக்குள் இம்மூன்று வகுப்புகளும் அடங்கிவிடுகின்றன. வெப்பநிலையை 37 டிகிரி என்றும் 40 டிகிரி என்றும் ஒரே காய்ச்சலுக்கு மாறி மாறிச் சொல்லும் வெப்பமானியை நாம் வீட்டில் வைத்திருப்போமா?

இதயமே மாதிரி எடுக்கிறது

இனி நான் சொல்லப்போவது இம்முறையின் அடிமடியிலேயே உள்ள குறை. எவ்வளவு விலை உயர்ந்த கருவியானாலும் இதைத் தாண்டுவது கடினம். விளம்பரங்களில் இதைப் பற்றி ஒரு சொல்லைக்கூட நான் கண்டதில்லை.

நாடி அலையின் உயரத்தையும், இரு துடிப்புகளுக்கு இடையேயுள்ள காலத்தையும் எத்தனை முறை அளக்க முடியும்? ஒரு துடிப்புக்கு ஒரு முறை. இடையில் என்ன நடந்தது என்பது தெரியாது. அதாவது மூச்சு என்ற அலையை இதயம் என்ற கத்தரி துண்டு துண்டாக வெட்டி மாதிரி எடுக்கிறது. ஓர் அலையைச் சரியாக அறிய, அதன் ஒரு சுற்றுக்குக் குறைந்தது இரண்டு மாதிரிகளுக்கு மேல் வேண்டும் என்பது தகவல் இயலின் விதி. எனவே நாடி 72 ஆனால் 36-க்குக் கீழ்ப்பட்ட மூச்சு வீதத்தையே சரியாக அறிய இயலும்.

அதற்கு மேற்பட்டால் என்ன நேரும்? கருவி விடையில்லை என்று சொல்லாது. தவறான விடையைத் தெளிவாகச் சொல்லும். பழைய திரைப்படங்களில் விரைந்தோடும் குதிரை வண்டியின் சக்கரம் மெதுவாகப் பின்னோக்கிச் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். படச்சுருளில் விநாடிக்கு 24 படங்களே உண்டு. ஆரக்கால்கள் அதைவிட விரைந்து கடந்தால் கண் ஏமாறுகிறது. அதே ஏமாற்றம் இங்கும் உண்டு. நாடி நிமிடத்துக்கு 60, மூச்சு 36 என்றால், மாதிரிகளில் தெரியும் அலை 60-இலிருந்து 36-ஐக் கழித்து 24 ஆக மடங்கி நிற்கும். மூச்சு 40-க்கு உயர்ந்தால் அது 20 ஆகத் தெரியும். நோய் முற்ற முற்றக் கருவியின் எண் நலத்தை நோக்கி நகரும்!

பெரும்பாலோருக்கு மூச்சு விரையும்போது நாடியும் விரைவதால் இந்நிலை ஏற்படாது. குழந்தைகளுக்கு நாடி பெரியவர்களைவிட விரைவாகத் துடிப்பதால் அவர்களும் பெரும்பாலும் தப்புகிறார்கள். சிக்குவோர் யார்? இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் பீட்டா தடுப்பு மாத்திரை உண்பவர்கள். அம்மாத்திரை நாடி விரைவதைத் தடுக்கும். மூச்சு விரைவதைத் தடுக்காது.

என் பெரியப்பா அவர்களுள் ஒருவர். குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு உலர்த்தி அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு அவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. வெளியூரில் வேலை செய்யும் மகன் வாங்கி அனுப்பிய விரல் கருவி வீட்டில் இருந்தது. நாடி, ஆக்சிஜன், மூச்சு மூன்றையும் காட்டும். மூச்சு 24 என்று காட்டியது. 'கொஞ்சம் கூடத்தான், காய்ச்சல் இருக்கிறதே' என்று ஓர் இரவு பொறுத்திருந்தார்கள். என்னைத் தொலைபேசியில் கேட்டபோது நானும் 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்றேன். இயற்பியல் படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். மறுநாள் மருத்துவமனையில் செவிலியர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ணினார்: 34. நாடியோ 58. நுரையீரல் அழற்சி என்றார்கள். பத்து நாள் கிடந்து எழுந்து வந்தார்.

58-இலிருந்து 34-ஐக் கழித்தால் 24. இது தற்செயலாகவும் இருக்கலாம். இரவு எண்ணும் காலை எண்ணும் ஒன்றாகவே இருந்திருக்கும் என்று நான் உறுதி கூற இயலாது. ஆனால் அக்கழித்தலைச் செய்து பார்த்த நாள் முதல் அக்கருவியின் திரையை என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடிவதில்லை.

அடிக்கோட்டின் அசைவை மட்டும் பயன்படுத்தினால் இச்சிக்கல் குறையும் என்று சில வாசகர்கள் எண்ணலாம். சரியே, அடிக்கோடு தொடர்ச்சியாக அசைவது. ஆயின் அடிக்கோடுதான் கை அசைவுக்கு முதலில் பலியாவது. மேலும் மூச்சோடு தொடர்பே இல்லாத மற்றோர் அலையும் அங்கே உண்டு: இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் நரம்பு வினையால் ஏறக்குறைய 10 விநாடிக்கு ஒரு முறை எழுந்து தாழும் மேயர் அலை. மெதுவாக மூச்சு விடுபவரிடம் எது மூச்சு, எது மேயர் அலை என்று பிரிப்பது எளிதன்று. இதயத் துடிப்பின் கால மாற்றத்தை நம்பலாமென்றால், அது வயது ஏற ஏறக் குறைகிறது. நீண்ட நாள் நீரிழிவு உள்ளோரிடம் நரம்புகள் பழுதுற்று மேலும் மங்குகிறது. மூச்சை அளப்பது யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடமே செய்தி மிகவும் மெலிந்திருக்கிறது.

குளிர்ந்த கையும் கொழுந்து பறிக்கும் கையும்

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இளங்கலை மாணவர்கள் ஒளி உமிழும் டையோடு ஒன்றையும் ஒளி டிரான்சிஸ்டர் ஒன்றையும் அர்டுயினோ பலகையில் இணைத்து இப்பதிவை எடுத்தார்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை. வராந்தாவில் பனியில் நின்றுவிட்டு வந்த ஒரு மாணவியின் விரலை வைத்தபோது திரையில் ஏறக்குறைய நேர்கோடுதான் வந்தது. இணைப்பு விட்டுப்போயிற்று என்று கம்பிகளை எல்லாம் பிடுங்கிப் பார்த்தார்கள். பிறகு அவர் சூடான தேநீர்க் குவளையை ஐந்து நிமிடம் கையில் பிடித்திருந்துவிட்டு மறுபடி விரலை வைத்தார். நாடி அழகாகத் துள்ளியது. குளிரில் தோலின் நுண்குழாய்கள் சுருங்கி விரலுக்கு வரும் இரத்தம் குறைந்துவிடுகிறது. நாடி அலையே இல்லாதபோது அதன் மேல் ஏறிவரும் மூச்சுக்கு ஏது இடம்?

உதகை கடல் மட்டத்திலிருந்து 2240 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் பள்ளமான இடங்களில் உறைபனி படியும். இங்குக் காற்றழுத்தமும் கடற்கரையில் உள்ளதைப்போல முக்கால் பங்குதான். அதனால் ஆக்சிஜன் செறிவும் சமவெளிக்காரர்களைவிடச் சற்றுக் குறைந்து காட்டும். அதைக் கண்டு அஞ்சிச் சுற்றுலா வந்தவர்கள் மருத்துவரிடம் ஓடுவதும் உண்டு. அது வேறு கதை.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் கையை எண்ணிப் பாருங்கள். இரு கைகளும் விநாடிக்கு ஒரு முறைக்கு மேல் செடிக்கும் கூடைக்குமாக அசைகின்றன. அந்த அசைவின் அதிர்வெண் நாடியின் அதிர்வெண்ணோடு ஒட்டி நிற்கும். இப்போது பல தோட்டங்களில் வெட்டுக் கத்தரி வந்துவிட்டது. சில இடங்களில் இயந்திரமும் வந்துவிட்டது. அதன் அதிர்ச்சி கை முழுவதும் பரவும். ஒவ்வோர் அசைவிலும் கைக்குள் இரத்தம் அலைகிறது. கருவி தோலின் மேல் வழுக்குகிறது. கருவியில் உள்ள முடுக்கமானி அசைவை அளந்து அதைக் கழித்துவிடும் என்பார்கள். நடப்பவருக்கு ஓரளவு கழிக்கலாம், நடை ஒழுங்கானது. கொழுந்து பறிப்பது அப்படியன்று.

தோல் நிறம் பற்றியும் ஒரு சொல். மணிக்கட்டுக் கருவிகள் பெரும்பாலும் பச்சை ஒளியைப் பயன்படுத்துகின்றன. தோலிலுள்ள மெலனின் சிவப்பு ஒளியைவிடப் பச்சையை அதிகம் உறிஞ்சும். 2020-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆக்சிமீட்டர் நல்ல எண்ணைக் காட்டியபோதே இரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தாகக் குறைந்திருந்தோர் கறுப்பினத்தவரில் நூற்றுக்கு 11.7, வெள்ளையரில் 3.6 என்று கண்டார்கள். இதை மூச்சு வீதத்துக்கும் அப்படியே பொருத்திப் பேசுவது தவறு. ஆக்சிஜன் கணக்கு இரு நிறங்களின் விகிதத்தைச் சார்ந்தது. மூச்சு வீதம் காலத்தை மட்டுமே சார்ந்தது. கருந்தோல் அந்த எண்ணை ஒரு பக்கமாகச் சாய்க்காது. ஒளியைக் குறைத்து இரைச்சலைக் கூட்டும், அவ்வளவே. கண்டனம் செய்யும்போதும் எதைக் கண்டிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

மறுபக்கம்

கருவிக்கு எதிராக இவ்வளவு சொன்னபின், மனிதர்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மருத்துவமனைப் படுக்கையின் காலில் தொங்கும் அட்டவணைகளைப் பாருங்கள். பலவற்றில் மூச்சு வீதம் 18, 20, 18, 20 என்றே இருக்கும். எண்ணாமல் எழுதியவை என்பது பார்த்தாலே தெரியும். எண்ணுபவர்களும் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிறார்கள். அப்படிச் செய்தால் 16, 20, 24 என்று நான்கு நான்காகத்தான் விடை வரும். இடையிலுள்ள எண்களே இல்லை. நாற்பது படுக்கைக்கு இருவர் வேலை செய்யும் இடத்தில் அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

ஆகவே இத்தகைய கருவிக்குத் தேவை இருக்கிறது. 2020-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவத் தொழில்நுட்ப மையமும் ஹெலிக்ஸான் நிறுவனமும் கோவிட் நோயாளிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க விரலில் மாட்டும் கருவியை உருவாக்கியபோது, வெப்பநிலை, ஆக்சிஜன் செறிவு, நாடி இவற்றோடு மூச்சு வீதத்தையும் நான்காவதாகச் சேர்த்தார்கள். நோயாளியின் அருகே அடிக்கடி செல்ல முடியாத காலத்தில் அது சரியான எண்ணமே.

கருவி நன்றாக வேலை செய்யும் இடமும் உண்டு: உறக்கம். உறங்குபவரின் கை அசையாது. போர்வைக்குள் வெதுவெதுப்பாக இருக்கும். மூச்சு ஒழுங்காக இருக்கும். ஃபிட்பிட் கடிகாரங்கள் உறக்க நேரத்து மூச்சு வீதத்தை இரவு முழுவதற்கும் சராசரியாகத் தருகின்றன. ஆப்பிள் நிறுவனத்தார் தம் கடிகாரத்தில் உறக்க நேர மூச்சுக்கு ஒளியை விட்டுவிட்டு முடுக்கமானியையே நம்புகிறார்கள். மூச்சோடு கையும் நூலிழை அசைகிறதாம். ஒருவரின் நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட்டு, '14 ஆக இருந்தது 18 ஆயிற்று' என்று அறிய இவை உதவும். அந்த அளவுக்கு நானும் ஏற்கிறேன்.

நான் ஏற்காதது, விழித்திருப்பவருக்கு 32 விநாடிப் பதிவைக் கொண்டு ஒற்றை எண்ணைத் தூக்கிக் காட்டுவது. 32 விநாடியில் ஒருவர் எட்டு மூச்சு விட்டிருப்பார். அவ்வளவு குறுகிய பதிவில் அதிர்வெண்ணைப் பிரித்தறியும் திறன் நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டு மூச்சு. இடைக்கணிப்பால் அழகுபடுத்தலாம், புதிய செய்தியைப் படைக்க இயலாது. பதிவை நீட்டினால் திறன் கூடும்; ஆனால் அதற்குள் மூச்சே மாறிவிடும். இத்தகைய எண்ணுக்குப் பக்கத்தில் பிழை வரம்பைப் போட்டால் என்ன? '24, ஆறு கூடவோ குறையவோ' என்று திரையில் தெரிந்திருந்தால் என் பெரியம்மா அன்றிரவே ஜீப் பிடித்திருப்பார். பதிவு மோசமாக இருக்கும்போது கோடு மட்டும் காட்டினால் என்ன? கார்லன் குழுவினர் 2013-இலேயே அதைச் செய்து காட்டினார்கள். விடை சொல்லாத கருவியை யார் வாங்குவார்கள் என்று விற்பவர் கேட்கலாம். நான் வாங்குவேன்.

நீலகிரிக்கு இது ஆடம்பரக் கவலை அன்று. இந்தியாவில் அரிவாள் உயிரணு மரபு இருப்பதை முதன்முதல் லேமனும் கட்புஷும் 1952-இல் அறிவித்தது இம்மலைகளின் பழங்குடி மக்களிடம்தான். இந்நோய் உள்ளோருக்குத் திடீரென நுரையீரல் பாதிக்கப்படும்போது மூச்சு விரைதல் முக்கியமான அறிகுறி. கூடலூரில் 1990 முதல் இயங்கும் ஆதிவாசி மருத்துவமனை போன்ற இடங்களிலிருந்து தொலைவிலுள்ள ஊர்களில், ஒரு சுகாதாரப் பணியாளர் கையில் நம்பத்தக்க மூச்சு எண்ணி இருந்தால் அதன் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகளின் நுரையீரல் அழற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள எல்லைகளும் மூச்சு எண்ணிக்கையே: இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டு வரை 50, ஐந்தாண்டு வரை 40, இதை எட்டினால் விரைந்த மூச்சு. 47-க்கும் 53-க்கும் இடையே மருந்தும் பயணமும் நிற்கின்றன.

அப்படிப்பட்ட கருவியை இங்கே சோதிக்க வேண்டுமானால், காலை மஸ்டர் எடுக்கும் நேரத்தில் குளிர்ந்த கையோடு நிற்பவர்களிடம் சோதிக்க வேண்டும். கொழுந்து எடை போட வரும் இடத்தில், மேடேறி வந்து மூச்சு வாங்கும்போது சோதிக்க வேண்டும். பீட்டா தடுப்பு மாத்திரை உண்ணும் முதியவர்களைத் தனியாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். ஒவ்வொருவர் அருகிலும் ஒருவர் அமர்ந்து, மார்பைப் பார்த்து, முழு நிமிடம் எண்ணி எழுத வேண்டும்.

இப்போதைக்கு உங்கள் வீட்டில் அத்தகைய கருவி இருந்தால் ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். அதை விரலில் மாட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து விநாடிக்கு ஒரு மூச்சாக இரண்டு நிமிடம் விடுங்கள். 12 என்று காட்ட வேண்டும். பிறகு மூன்று விநாடிக்கு ஒன்று. 20 காட்ட வேண்டும். கையைப் பத்து நிமிடம் தண்ணீரில் நனைத்து எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் செய்யுங்கள். கடைசியாக மூச்சை இருபது விநாடி அடக்குங்கள்; இதய நோய் உள்ளோர் இதைச் செய்ய வேண்டாம். மூச்சே இல்லாத அந்த இருபது விநாடியிலும் அதற்குப் பின்னும் திரையில் என்ன எண் நிற்கிறது என்பதைக் குறித்து வையுங்கள். எங்கள் ஆய்வகத்தில் இருந்த கருவி அசையாமல் 16 என்று காட்டிக்கொண்டிருந்தது.